படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது, யார் கொடுப்பது?

தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்களிடம் இனி என்ன வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துடணும். யாருக்கும் பாரமா கிடக்கக் கூடாது.” கோயிலில் வேண்டுதலும் இதுதான், திண்ணைப் பேச்சும் இதுதான். முதுமையின் கடைசிக் கட்டத்துக்கென்று நம் குடும்பங்களிடம் இருக்கும் திட்டம் ஏறக்குறைய இந்த வேண்டுதல் ஒன்றுதான். அது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். ஒன்றிய அரசின் மதிப்பீட்டின்படி 2021-இல் அது 13.6. 2031-இல் 18.2 ஆகும், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆறு பிள்ளை பெற்று, ஆளுக்கு இரண்டு மாதம் என்று முறை வைத்துப் பார்த்த காலம் மலையேறிவிட்டது. இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறார். உள்ளூரில் இருப்பவரின் சம்பளத்தில் பாதி வீட்டுக் கடன் தவணைக்குப் போகிறது.

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, அறைக்குள் நடப்பது. முதியவருக்கு எந்த அளவு துணை வேண்டும் என்பதை உலகெங்கும் இந்த ஆறை வைத்துத்தான் அளக்கிறார்கள். 2017-18-இல் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் சிரமப்படுவதாகத் தெரியவந்தது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2023-இல் வெளியான கணக்கு, நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகச் சொல்கிறது. இவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அறுவை சிகிச்சை அல்ல, ஆள்.

பக்கவாதம் வந்த ஒருவர் பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் மூன்று வரி இருக்கும்: மூக்குக் குழாய் வழியாக உணவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், பிசியோதெரபி தொடர்தல். மருத்துவர் எழுத அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்த மூன்று வரிதான் வீட்டில் ஐந்து வருடமாக விரிகிறது. குழாயில் கஞ்சி விடும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும். விட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் இரவு பன்னிரண்டுக்கும், இரண்டுக்கும், நான்குக்கும் சேர்த்துத்தான். ஒரு ராத்திரி அசந்து தூங்கினால் குதிகாலிலோ இடுப்புக்குக் கீழேயோ தோல் சிவக்கிறது. அந்தச் சிவப்பு படுக்கைப்புண்ணாகி எலும்பு வரை போக அதிக நாள் பிடிக்காது. ஏர் பெட் வாங்கியவர்களும் புரட்டித்தான் ஆக வேண்டும். அறுபது கிலோ மனிதரை ஒரு ஆள் தனியாகப் புரட்டினால் புரட்டுகிறவரின் முதுகுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டி வரும்.

இப்போது பணத்துக்கு வருவோம். பெருநகரத்தில் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்; பயிற்சி பெற்ற நர்ஸ் என்றால் இது போதாது. டயப்பர், கையுறை, பஞ்சு, குழாய்க்கான சத்துமாவு என்று 6,000. பிசியோதெரபி, மாத்திரை, அவ்வப்போது கதீட்டர் மாற்ற வருபவர் என்று 4,000. மொத்தம் 35,000. ஆண்டுக்கு 4.2 லட்சம். கூலியும் விலையும் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஐந்து ஆண்டுகளில் 24.6 லட்சத்தைத் தாண்டும். ஆஸ்பத்திரி பில் இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆள் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் மகனோ மகளோ எடுக்கும் சம்பளமில்லா விடுப்பும் இல்லை.

“அதான் இன்சூரன்ஸ் இருக்கே” என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது இதற்கு இல்லை. நம் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் ஆஸ்பத்திரி படுக்கையைச் சுற்றி எழுதப்பட்டவை. அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு குறிப்பிட்ட சில நாட்கள் வரை மருந்துக்கும் பரிசோதனைக்கும் தருவார்கள், அத்துடன் கதவு சாத்தப்படும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த, நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தராத பொருட்களின் பட்டியலில் துணையாள் கட்டணமும் தனி நர்ஸ் கட்டணமும் டயப்பரும் வரிசையாக இருக்கின்றன. படுக்கையில் கிடப்பவரின் மாதச் செலவில் பெரும் பங்கு எதுவோ அதுதான் அந்தப் பட்டியல். 2024-இல் ஒன்றிய அரசு 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரிவாக்கியது. அதே ஆண்டு புதிய பாலிசி எடுக்க 65 வயது என்றிருந்த வரம்பும் நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் போனது. மூன்றும் நல்ல மாற்றங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் இவை உதவும். முறிந்த இடுப்பு சேராமலே போய்விட்டால், அதற்குப் பிறகான வருடங்களுக்கு இவற்றில் எதுவும் உதவாது.

அப்படியானால் இதுவரை இந்தச் செலவை ஏற்றுவந்தது யார்? மனைவி, மருமகள், மகள். சம்பளம் இல்லாததால் அது கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். 2019-இல் தேசிய அளவில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளைக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகப் பதிவானது. இதில் குழந்தை வளர்ப்பும் சேர்த்தி. படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது. அங்கே ஒரு பெண்ணின் பகலும் இரவும் முழுசாகப் போகிறது. மாமியாரைப் பார்க்க வேலையை விட்ட பெண் தன் அறுபதுக்கு வரும்போது வருங்கால வைப்பு நிதியும் இல்லாமல், பென்ஷனும் இல்லாமல் நிற்கிறார். பெண்களின் ஆயுள் ஆண்களைவிட நீளம் என்பதால், கணவரைக் கடைசிவரை பார்த்துவிட்டுத் தன்னைப் பார்க்க ஆளில்லாமல் போகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

இந்தச் சுமை கூலி வேலைக் குடும்பத்தின் மேல் இறங்கும்போது என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கசப்பான பதில் ஒன்று உண்டு. கிடையில் விழுந்த முதியவரின் உயிரை வீட்டாரே முடித்துவைக்கும் தலைக்கூத்தல் பற்றி 2010 வாக்கில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. அது கொலைதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2018-க்கான சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருது பெற்ற ‘பாரம்’ அந்த வழக்கத்தைத்தான் பேசியது. தெற்கத்தி மாவட்டங்களின் பழமை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கிடையில் கிடக்கும் தகப்பனுக்காக ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் அடுப்பு எரியாது என்ற கணக்கு எந்தப் பழமையைச் சேர்ந்தது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இந்திய மாநிலங்களில் முதியோர் ஓய்வூதியத்தை முன்னதாகவே தொடங்கியவற்றில் ஒன்று அன்றைய சென்னை மாநிலம், ஆண்டு 1962. கிராமத்தில் ‘ஓஏபி பணம்’ என்று அழைக்கப்படும் அந்தத் தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. மருத்துவக் கல்வியிலும் முதுமையைத் தனித் துறையாக எடுத்துக்கொண்டதில் சென்னை முன்னோடி. டாக்டர் வி.எஸ். நடராஜன் போன்றவர்களின் முயற்சியால் 1978-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் பிரிவு தொடங்கியது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநகரங்களில் 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்களுக்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துவரும் இந்த ஏற்பாடு நடமாட முடிகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். வேலைக்குப் போகும் மகளுக்கும் ஆறுதல்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பலரும் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டில் கொடுக்கும் திட்டமாகவே அறிவார்கள். வலிதணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருவதும் அதில் அடக்கம். படுக்கையில் கிடப்பவரின் கட்டிலருகே அரசு ஊழியர் ஒருவர் வந்து நிற்பதற்கான வழி இதனால் திறந்தது. ஆனால் அவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். மீதி நாளெல்லாம் பழையபடி வீட்டார் பொறுப்பு.

பலருக்குத் தெரியாமலே போகும் உதவி ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். பக்கவாதத்தால் உடல் முடங்கியவரும் முறைப்படி சோதிக்கப்பட்டு மாற்றுத்திறனாளிச் சான்று பெறலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பார்க்கின்சன் போன்ற நாட்பட்ட நரம்பியல் நோயாளிகளுக்கும் மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ‘வயசாயிடுச்சு, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடும் வீடுகள் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் படியையே மிதிப்பதில்லை.

பிள்ளைகளிடம் கேட்டு வாங்கவும் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. நம் மாநிலத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் கூடாது, மகனும் மகளும் மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளும், பிள்ளையில்லாதவருக்கு அவர் சொத்துக்கு வாரிசாகும் உறவினரும் கட்டுப்பட்டவர்கள். எல்லாம் சரி. தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். 2007-இல் அது போதுமாக இருந்திருக்கலாம். இந்த வரம்பை எடுத்துவிட 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாக, 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லங்களைப் படிப்படியாக அமைக்கலாம் என்றும் சொல்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை.

அந்தச் சட்டத்தில் தமிழ்க் குடும்பங்களை அதிகம் தொடும் பிரிவு 23 தான். காரணம், வீடு. நம் நடுத்தர வர்க்கத்தின் மொத்தச் சேமிப்பும் பெரும்பாலும் ஒரு வீட்டுக்குள் முடங்கியிருக்கிறது. அதை உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடும் பழக்கம் இங்கே அதிகம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை எவ்வளவு பெரிய சொத்தானாலும் 40,000 ரூபாயைத் தாண்டாது, பதிவுக் கட்டணம் 10,000-ஐத் தாண்டாது. ‘பின்னால் தகராறு வராமல் இப்பவே முடிச்சிடலாம்’ என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து பெற்றவர் தன் வீட்டிலேயே விருந்தாளி.

பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யலாம் என்கிறது 23-ஆம் பிரிவு. அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா என்பதில்தான் வழக்கெல்லாம். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோர் பக்கம் நின்று சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சொன்னது. இரண்டு மாதம் கழித்து, நாகப்பட்டினத்தைச் சேர்ந்த மூதாட்டி மகனுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மெண்டைக் கோட்டாட்சியர் ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘அன்பின் காரணமாக’ எழுதித் தருவதாகப் பத்திரத்தில் இருந்தாலே, கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது என்பது நீதிபதிகளின் பார்வை. தீர்ப்பு ஆறுதல் தருகிறது. ஆனால் எண்பது வயதில் யார் கோர்ட்டுக்கு அலைவது? செட்டில்மெண்டுக்குப் பதில் உயில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம்; இரண்டு சாட்சிகள் போதும்; எழுதியவர் நினைவோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதத்தான் வேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டைப் பணமாக்க இன்னொரு வழியும் இருக்கிறது. ப. சிதம்பரம் 2007-08 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது வங்கி நமக்குத் தவணை கட்டும் தலைகீழ் அடமானம். 60 வயதைக் கடந்தவர் வீட்டை அடமானம் வைத்தால் வங்கி மாதாமாதம் பணம் தரும். கடைசிவரை அதே வீட்டில் இருக்கலாம். கணவன் மனைவி இருவரின் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கடனையும் வட்டியையும் கட்டி வீட்டை மீட்கலாம். முடியாவிட்டால் வங்கி விற்றுத் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாரிசிடம் கொடுக்கும். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடைக்காது. நடைமுறையில் இதை எடுத்தவர்கள் மிகச் சிலர். வங்கிகளுக்கு ஆர்வமில்லை; தவணை தரும் காலத்துக்கு 20 ஆண்டு உச்சவரம்பு; பட்டாவிலும் மூலப்பத்திரத்திலும் நம் ஊரில் தீராத வில்லங்கம். அதற்கும் மேல், ‘அப்பா வீட்டை பேங்க்ல வச்சுச் சாப்பிடுறார்’ என்று ஊர் பேசுமே என்ற கூச்சம். பிள்ளைக்கு வீடு விட்டுப்போவது கடமை, தன் பராமரிப்புக்குப் பணம் வைத்துக்கொள்வது சுயநலம் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. அது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. வீடு கிடைக்கும் மகன்தான் அதற்கு முன் ஐந்து வருடம் மாதம் 35,000 ரூபாயைக் கடன் வாங்கிக் கட்டுகிறார்.

கையில் ரொக்கம் இருப்பவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தெரிந்த வழி. 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500. முப்பது லட்சம் சேர்த்தவர் இந்த நாட்டில் வசதியானவர். அவருடைய வட்டியே துணையாள் சம்பளத்துக்குப் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் அந்தத் தொகை இருந்தால் ஒருவரைப் பார்க்கும் செலவு தாங்கும். இருவரும் ஒரே சமயத்தில் விழுந்தால் தாங்காது.

பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை இன்னொன்று. இதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. வங்கிக் கணக்கு அப்பா பெயரில் மட்டும் இருக்கிறது. அப்பா நினைவிழந்து கிடக்கிறார். நினைவு இருந்து கையெழுத்து மட்டும் போட முடியாதவருக்கு வழி உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி கைவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் வேண்டும். நினைவே இல்லாதவருக்கு? ‘பவர் எழுதி வாங்கியிருக்கேன்’ என்பார் மகன். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்ததும் பவர் பத்திரம் செத்துப்போகிறது. எந்த நேரத்தில் அது தேவையோ அந்த நேரத்தில் செல்லாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் ஏற்பாடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முக ஊனம் ஆகியவற்றுக்கு உரியது. மறதிநோய் வந்த தாத்தாவுக்கு அதில் இடமில்லை.

இதன் கனத்தை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு காட்டியது. கணவர் கோமாவில். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து அவர் பெயரில். சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் கையில் காசில்லை. தன்னைப் பாதுகாவலராக்கும்படி மனைவி கேட்டபோது, அதற்கெனச் சட்டம் இல்லை என்று தனி நீதிபதி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு, அந்தப் பெண்ணை இன்னொரு கோர்ட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை என்று கருதி, சொத்தை விற்க அனுமதித்தது. 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவைப் பிடித்து நீதிமன்றம் வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு குடும்பமும் அதற்காக உயர் நீதிமன்றம் வரை வர முடியாது. பெற்றோரில் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குகளை ‘இருவரில் எவரும்’ இயக்கும்படி மாற்றிவைப்பது அரை நாள் வேலை. அது பாதிச் சிக்கலையாவது தீர்க்கும்.

எதுவரை சிகிச்சை, எப்போது போதும் என்பதையும் எழுதிவைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் உயிர்வாழ் உயிலை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். வெண்டிலேட்டர் அறை வாசலில் அண்ணன் தம்பி சண்டை போடுவதை இது தவிர்க்கும்.

கோவையைச் சுற்றி முளைத்திருக்கும் ஓய்வுகாலக் குடியிருப்புகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. சமையல், துப்புரவு, பேச்சுத்துணை எல்லாம் அங்கே கிடைக்கும். வீடு வாங்கப் போகிறவர்கள் நீச்சல்குளத்தைப் பார்ப்பதைவிட ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது: படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா, எந்தக் கட்டணத்தில்? கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்கள் பலவும் நடமாடுகிறவர்களை மட்டுமே சேர்க்கின்றன. முடியாமல் போனதும் பிள்ளைகளுக்குப் போன் வருகிறது.

வேறு நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ஜெர்மனி 1995-இல் இதற்கென்றே தனிக் காப்பீடு தொடங்கியது. 2025-இல் சம்பளத்தில் 3.6 சதவீதம் அதற்குப் போகிறது, பிள்ளையில்லாதவர்கள் 4.2 சதவீதம் கட்ட வேண்டும். இதன் சிறப்பு, ஆள் வைத்துக்கொள்ளாமல் வீட்டார் பார்த்தாலும் பணம் வருவது. இரண்டாம் நிலைத் தேவை உள்ளவருக்கு மாதம் 347 யூரோ. மருமகள் செய்யும் வேலைக்கு அங்கே விலை உண்டு. ஜப்பான் 2000 ஏப்ரலில் தொடங்கியது. 40 வயதானதும் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. பயனாளி தன் கையிலிருந்து 10 சதவீதம், வசதியானவர் 20 அல்லது 30 சதவீதம் தருகிறார். இதற்கும் விலை இருக்கிறது. 65 வயதைக் கடந்தவரின் சராசரி மாதச் சந்தா தொடக்கத்தில் 2,911 யென், இப்போது 6,225. இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் சொந்தச் செலவுதான். அந்தச் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு கொண்டுவருவதாகச் சொல்லி, 2024-இல் கைவிட்டார்கள். அமெரிக்காவிலோ, கையிருப்பைக் கரைத்து ஏழையான பிறகுதான் அரசின் மெடிகெய்ட் உதவி வரும்.

நம்மவர்கள் பலருக்கும் பக்கத்து வீடு போன்ற சிங்கப்பூரின் அனுபவம் இங்கே அதிகம் பொருந்தும். பிள்ளைகள் பெற்றோருக்குப் படி தர வேண்டும் என்ற சட்டத்தை அவர்கள் 1995-லேயே, நமக்கு 12 ஆண்டு முன்பே, இயற்றிவிட்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. பராமரிப்புக்கென்றே 2002-இல் எல்டர்ஷீல்டு என்ற காப்பீட்டையும், 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் என்ற காப்பீட்டையும் கொண்டுவந்தார்கள். கேர்ஷீல்டுக்கு 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோரும் 30 வயதிலிருந்து 67 வரை சந்தா கட்ட வேண்டும். மருத்துவத்துக்கென்று சேமிக்கும் மெடிசேவ் கணக்கிலிருந்தே கட்டலாம். மேலே சொன்ன ஆறு காரியங்களில் மூன்றைத் துணையின்றிச் செய்ய முடியாமல் போனால், அந்த நிலை நீடிக்கும்வரை மாதந்தோறும் பணம். 2025-இல் அது 662 சிங்கப்பூர் வெள்ளி. நினைவு தவறினாலும் செல்லுபடியாகும் பவர் பத்திரமும் அங்கே உண்டு.

வெளிநாடுவரை போகாமலும் பாடம் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக விரிந்து, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகி, உள்ளாட்சிகளின் வேலையானது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டமும் அங்கே இருக்கிறது. தொகை சின்னது. ஆனால் அது நோயாளிக்கு அல்ல, பார்த்துக்கொள்கிறவருக்கு.

ஜெர்மனி போலச் சம்பளத்தில் பிடிப்பது தமிழ்நாட்டில் உடனே நடக்காது. சம்பளச் சீட்டே இல்லாதவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் வைத்து நடத்திய அனுபவம் நமக்கு நிறையவே இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலித்துத் தொழிலாளர் நலவாரியத்துக்குத் தரும் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கல்விக்கும் திருமணத்துக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. சாரத்தில் ஏறி இறங்கி முதுகு போன மேஸ்திரி எழுபதில் படுக்கும்போது அவரைப் பார்க்க வரும் ஆளுக்கென்று தனித் தலைப்பு வேண்டும். பெண்களின் கூலியில்லா உழைப்பை அங்கீகரிப்பதாகச் சொல்லி 2023-இல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தந்த மாநிலத்துக்கு, படுக்கையில் ஒருவரைப் பார்க்கும் பெண்ணுக்குக் கூடுதல் தொகை தருவது கொள்கை அளவில் புதிதல்ல.

யாருக்குத் தேவை என்ற பட்டியல்கூட ஓரளவு கையில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் கிடையில் இருக்கிறார் என்பது தெரியும். அந்த வீடுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம், புரட்டவும் குளிப்பாட்டவும் குழாயில் உணவு கொடுக்கவும் கற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு அனுப்ப என்ன செலவாகும் என்று முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்கலாம். விருதுநகரிலேயே தொடங்கலாம்.